போகிற வழியில் ஒரு நாடு

போன வருஷம் ஆபீஸ் நண்பன் ஒருவன் வாட்ஸப்பில் ஒரு சுற்றுலா விளம்பரத்தை அனுப்பினான். நிகராகுவா, பத்து நாள். முதலில் காட்டு நதியில் படகு. அப்புறம் இரண்டு எரிமலைகள் உள்ள ஏரித் தீவு. கடைசியில் பசிபிக் கடற்கரையில் சர்ஃபிங். கூடுதலாகக் காசு கொடுத்தால் செர்ரோ நெக்ரோ என்ற எரிமலையின் கரிய சரிவில் பலகை மேல் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு இறங்கலாம். கீழே, "போலாமா மச்சான்?" என்று ஒரு வரி. ஏற்காட்டுக்கு மேல் எந்த மலையும் ஏறாதவர்கள் நாங்கள் இருவரும்.

போகவில்லை. லீவும் இல்லை, காசும் இல்லை. ஆனால் விளம்பரத்தில் இருந்த வரைபடம் மனதில் ஒட்டிக்கொண்டது. கரீபியன் கடலில் ஆரம்பித்து, நதி வழியாக ஏறி, ஏரியைக் கடந்து, ஒரு சின்ன நிலத்துண்டைத் தாண்டிப் பசிபிக்கில் முடியும் சிவப்புப் புள்ளிக்கோடு. அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கோட்டுக்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல். 1851இல் நியூயார்க்கில் ஒரு கம்பெனி இதே பாதைக்கு டிக்கெட் விற்றிருக்கிறது. வாங்கியவர்களில் யாருக்கும் நிகராகுவாவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை கிடையாது. எல்லோரும் கலிபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

என் வேலையில் தினமும் பார்க்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. சென்னையிலிருந்து அனுப்பும் ஒரு டேட்டா பாக்கெட் அமெரிக்கா போய்ச் சேர்வதற்குள் பத்துப் பதினைந்து ரவுட்டர்களைக் கடக்கும். ஒவ்வொன்றையும் "ஹாப்" என்போம். ஹாப்பைப் பற்றி நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எத்தனை மில்லி செகண்ட்? அந்த ரவுட்டர் எந்த ஊரில் இருக்கிறது, அங்கே மழை பெய்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நிகராகுவாவின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, ஒரு முழு நாட்டையே உலகம் இப்படி ஒரு ஹாப்பாகப் பார்த்திருக்கிறது என்று தோன்றியது.

*

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். எல்லா வம்பும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நிகராகுவா ஏரிக்குப் பழைய பெயர் கொசிபோல்கா. பரப்பு 8,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நடுவே ஒமெடெபெ தீவு. அதில் கொன்செப்சியோன், மடேராஸ் என்று இரண்டு எரிமலைகள். கொன்செப்சியோனின் உயரம் 1,600 மீட்டர். ஏரியின் மேற்குக் கரையிலிருந்து பசிபிக் பெருங்கடல் மிக அருகில், குறுகலான இடத்தில் 20 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஏரியின் தண்ணீர் அந்தப் பக்கம் போவதில்லை. கிழக்கே திரும்பி, சான் ஹுவான் நதியாகி, 200 கிலோமீட்டர் அளவுக்குக் காட்டுக்குள் ஓடி, கரீபியன் கடலில் கலக்கிறது. கடல் சுறாக்கள் இந்த நதியில் எதிர்நீச்சல் போட்டு நன்னீர் ஏரி வரை வந்துவிடும்.

சுறா வர முடிந்தால் கப்பலும் வரலாம் இல்லையா? ஒரு கடலிலிருந்து படகில் ஏறி, கடைசி 20 கிலோமீட்டரை மட்டும் தரையில் கடந்தால் அடுத்த கடல். வரைபடத்தை விரித்து வைத்திருந்த எவருக்கும் இந்த யோசனை வந்தது. முதலில் வந்தது கொள்ளையர்களுக்கு. 1665இல் ஹென்றி மோர்கனின் ஆட்கள் நதி வழியே ஏறிவந்து ஏரிக்கரை நகரமான கிரனாடாவைச் சூறையாடினார்கள். அதன் பிறகு ஸ்பானியர்கள் நதியின் பாறைத்திட்டுகள் உள்ள இடம் பார்த்து, எல் காஸ்டியோ என்ற ஊரில் ஒரு கோட்டை கட்டினார்கள். 1780இல் அந்தக் கோட்டையைப் பிடிக்க வந்த ஆங்கிலேயப் படையில் 21 வயது ஹொரேஷியோ நெல்சன் இருந்தார். கோட்டை விழுந்தது. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோரைக் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் கொண்டுபோயின. நெல்சனும் நோயோடுதான் திரும்பினார். அந்த நதியின் நிஜமான காவலாளி கொசு.

*

1848 ஜனவரியில் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு ஒரே இரவில் மேற்குக் கரை போயாக வேண்டும். ரயில் கிடையாது. மாட்டு வண்டியில் கண்டத்தைக் கடக்கலாம். அல்லது தென் அமெரிக்காவின் நுனியைச் சுற்றிக்கொண்டு கப்பலில் ஐந்தாறு மாதம் போகலாம். அல்லது நடு அமெரிக்காவின் குறுகிய இடுப்பில் குறுக்கே வெட்டலாம். அதில் பனாமா ஒரு வழி, நிகராகுவா இன்னொரு வழி. பனாமாவைவிட நிகராகுவா சில நூறு மைல் குறைவு.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர் கோர்னீலியஸ் வாண்டர்பில்ட், நியூயார்க்கின் கப்பல் முதலாளி. கால்வாய் வெட்டுகிறேன் என்று 1849இல் நிகராகுவா அரசிடம் ஒப்பந்தம் வாங்கினார். கால்வாய் வெட்டவில்லை. அதன் கிளையாகப் பயணிகளை ஏற்றிச்செல்லும் ஒரு கம்பெனியை ஆரம்பித்தார். அரசுக்கு வருஷம் 10,000 டாலரும் லாபத்தில் பத்து சதவீதமும் தர வேண்டும் என்பது பேச்சு. பத்தாயிரம் வந்தது. பத்து சதவீதம் கேட்டால், லாபமே இல்லை என்று பதில் வந்தது. லாபத்தை எழுதும் கணக்குப் புத்தகம் நியூயார்க்கில் இருந்தது.

அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும்? கரீபியன் கரையில் சான் ஹுவான் டெல் நோர்டே என்ற துறைமுகத்தில் இறங்க வேண்டும். 1848இல் பிரிட்டிஷார் அதைப் பிடித்து, ஜமைக்கா கவர்னரின் பெயரால் கிரேடவுன் என்று மாற்றியிருந்தார்கள். அங்கே சிறிய நீராவிப் படகில் ஏறினால் இரண்டு பக்கமும் சுவர் போலக் காடு. உலகில் அதிகம் மழை கொட்டும் இடங்களில் அதுவும் ஒன்று. எல் காஸ்டியோவில் நீர் பாறைமேல் விழுந்து ஓடும், படகு ஏறாது. எல்லோரும் இறங்கி, கோட்டையின் கீழே நடந்து, மேலே காத்திருக்கும் வேறு படகில் ஏற வேண்டும். பிறகு ஏரி. கடல் மாதிரி அலையடிக்கும் நன்னீரில் ஒமெடெபெயின் இரண்டு கூம்புகள் மெல்ல அருகில் வந்து, மெல்ல விலகும். மேற்குக் கரையில் லா விர்ஹென் என்ற இடத்தில் இறங்கி, பசிபிக் வரை கோவேறு கழுதை. கொஞ்ச காலம் கழித்து வெள்ளையும் நீலமும் பூசிய குதிரை வண்டிகள் வந்தன. கடைசியில் சான் ஹுவான் டெல் சுர் கடற்கரை. அலைக்குள் நிற்கும் படகு வரை பயணிகளை உள்ளூர் ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

1866 டிசம்பர் கடைசியில் மார்க் ட்வைன் இதே வழியில், எதிர்த்திசையில் போனார். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்கு. வயது 31, இன்னும் பெரிய பெயர் ஆகவில்லை. அவர் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிய கடிதங்களில் ஒமெடெபெயின் இரட்டை எரிமலைகளைக் கண்ட வியப்பு இருக்கிறது. கிரேடவுனிலிருந்து கிளம்பிய கப்பலில் காலரா புகுந்தது. உடன் வந்தவர்கள் சிலரைக் கடலில் இறக்கிவிட்டுத்தான் 1867 ஜனவரி 12 அன்று நியூயார்க் சேர்ந்தார்கள். அட்வெஞ்சர் என்று இன்று நாம் காசு கொடுத்து வாங்குவதை அவர்கள் வழிச்செலவாகக் கொடுத்தார்கள்.

*

இதுவரை சொன்ன கதையில் உள்ளூர் ஆள் ஒருவர்கூடப் பேசவில்லை, கவனித்தீர்களா? தோளில் தூக்கிக்கொண்டு போனார், அவ்வளவுதான். நான் படித்த பயணக் குறிப்புகளும் பெரும்பாலும் அப்படித்தான்.

1850 ஏப்ரலில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரு ஒப்பந்தம் போட்டன. நிகராகுவா வழியாக வரப்போகும் கால்வாயை இருவரில் யாரும் தனியாக ஆளக்கூடாது என்று. கையெழுத்து வாஷிங்டனில். அதில் நிகராகுவாவின் கையெழுத்து இல்லை. அதே மாதத்தில்தான் நிகராகுவாவின் வடமேற்கில் ஒரு சமவெளியைப் பிளந்துகொண்டு செர்ரோ நெக்ரோ பிறந்தது. என் நண்பன் பலகையில் சறுக்க ஆசைப்பட்ட அதே எரிமலை. நிலமாவது தன் பங்குக்கு ஏதோ சொல்லிப் பார்த்தது போலிருக்கிறது.

1854 மே மாதம் நதியில் ஒரு சம்பவம். கம்பெனியின் நீராவிப் படகு ஒன்று, உள்ளூர்க்காரர்களின் பெரிய மரப்படகோடு மோதியது. வாக்குவாதம். நீராவிப் படகின் அமெரிக்க கேப்டன் துப்பாக்கியை எடுத்து அந்தப் படகோட்டியைச் சுட்டுக் கொன்றார். கிரேடவுன் அதிகாரிகள் கைது செய்ய வந்தார்கள். அதே படகில் பயணம் செய்த அமெரிக்கத் தூதர் குறுக்கே நின்று தடுத்தார். அன்றிரவு ஊரில் கூட்டம் கூடியது, யாரோ எறிந்த பாட்டில் தூதர் முகத்தில் பட்டது. ஏற்கெனவே கம்பெனிக்கும் ஊருக்கும் நிலத் தகராறு இருந்தது. ஜூலையில் சையேன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வந்து நஷ்டஈடும் மன்னிப்பும் கேட்டது. கிடைக்கவில்லை. 13ஆம் தேதி காலையிலிருந்து பீரங்கியால் ஊரைச் சுட்டார்கள். நின்றிருந்த மிச்ச வீடுகளை மாலையில் கரையிறங்கிக் கொளுத்தினார்கள். முன்னெச்சரிக்கை இருந்ததால் மக்கள் வெளியேறிவிட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. ஊர்தான் இல்லை.

ஒரு படகோட்டியின் கொலைக்கு விசாரணை கேட்டதில் தொடங்கி, பாட்டில் காயத்துக்காக ஒரு ஊர் எரிந்ததில் முடிந்தது.

இதைவிடப் பெரியது அடுத்த வருஷம் வந்தது. நிகராகுவாவில் அப்போது உள்நாட்டுச் சண்டை. லியோன் நகரத்து லிபரல்கள் ஒரு பக்கம், கிரனாடா கன்சர்வேடிவ்கள் மறுபக்கம். லியோன்காரர்கள் கூலிக்கு ஆள் கேட்டார்கள். வந்தவர் வில்லியம் வாக்கர். டாக்டர், வக்கீல், பத்திரிகையாளர், கடைசியாகப் படையெடுப்பாளர். 1855 ஜூனில் அறுபதுக்கும் குறைவான ஆட்களோடு இறங்கினார். அக்டோபரில் கம்பெனியின் ஏரிப் படகு ஒன்றைக் கைப்பற்றி, இரவில் ஏரியைக் கடந்து, கிரனாடாவைப் பின்பக்கமாகப் பிடித்தார். 1856 ஜூலையில் தன்னை நிகராகுவாவின் ஜனாதிபதி ஆக்கிக்கொண்டார். செப்டம்பரில், அந்த நாடு பல ஆண்டுகளுக்கு முன்பே ஒழித்திருந்த அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவர ஆணையிட்டார்.

அவரைக் கவிழ்த்ததில் பாதை முதலாளிக்கும் பங்குண்டு. வாக்கர் வாண்டர்பில்ட் கம்பெனியின் உரிமையைப் பறித்து அவருடைய போட்டியாளர்களுக்குக் கொடுத்திருந்தார். வாண்டர்பில்ட்டின் ஆள் கோஸ்டா ரிகாப் படைக்கு வழிகாட்டினார். 1856 டிசம்பரில் நதிப் படகுகளை எல்லாம் பிடித்தார்கள். கரீபியன் பக்கமிருந்து வாக்கருக்கு ஆள் வரும் குழாய் மூடியது. ஆனால் வாண்டர்பில்ட் அடைத்த குழாய் மட்டும்தான் காரணம் என்று சொன்னால், மறுபடி உள்ளூர்க்காரர்களை விட்டுவிடுவோம். செப்டம்பர் 14 அன்று சான் ஹசின்டோ பண்ணையில் நிகராகுவர்கள் வாக்கரின் ஆட்களைத் துரத்தியிருந்தார்கள். அந்தத் தேதி இன்றும் அங்கே தேசிய விடுமுறை. நடு அமெரிக்க நாடுகள் எல்லாம் சேர்ந்து சண்டையிட்டன. ரிவாஸ் போரிலிருந்து திரும்பிய கோஸ்டா ரிகா வீரர்கள் காலராவைக் கொண்டுபோனார்கள். அந்தச் சின்ன நாட்டில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவர் அதில் செத்தார். பின்வாங்கிய வாக்கரின் படை கிரனாடாவை எரித்துவிட்டு, இங்கேதான் கிரனாடா இருந்தது என்று எழுதிவைத்துவிட்டுப் போனது. வாக்கர் 1857 மே 1 அன்று அமெரிக்கக் கடற்படையிடம் சரணடைந்தார். 1860இல் மறுபடி முயன்றபோது ஹோண்டுராஸில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1869இல் அமெரிக்காவின் குறுக்கே ரயில் ஓட ஆரம்பித்தது. தங்கம் தேடிப் போனவர்களின் பாதை ஓய்ந்தது. கால்வாய்க் கனவு மட்டும் ஓயவில்லை.

*

இப்போது தபால்தலைக்கு வரலாம்.

1902 ஜனவரியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை நிகராகுவாவில்தான் கால்வாய் என்று 308க்கு 2 என வாக்களித்தது. செனட் மட்டும் பாக்கி. பனாமாவில் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டித் தோற்ற பள்ளம் கிடந்தது. அதை விற்றுவிடத் துடித்தவர் பிலிப் புனோ-வரியா, அங்கே வேலை பார்த்த பிரெஞ்சு இன்ஜினியர். மே 8 அன்று கரீபியன் தீவான மார்டினீக்கில் பெலே எரிமலை வெடித்தது. செயின்ட் பியேர் நகரில் சுமார் 28,000 பேர் சில நிமிடங்களில் இறந்தார்கள். எரிமலை என்ற சொல்லே அமெரிக்கப் பத்திரிகைகளை நடுங்க வைத்த நேரம் அது. எங்கள் நாட்டு மலைகளால் ஆபத்து இல்லை என்று நிகராகுவா தரப்பு மறுத்துக்கொண்டிருந்தது.

புனோ-வரியாவுக்கு ஒரு ஞாபகம் வந்தது. நிகராகுவாவின் தபால்தலையில் மொமொடொம்போ எரிமலை புகைவிடும் படம் இருக்கிறது! வாஷிங்டனின் ஸ்டாம்ப் கடைகளில் அலைந்து 90 தபால்தலை வாங்கினார். 90 செனட்டர்களுக்கும் ஆளுக்கொன்று அனுப்பினார். எரிமலை இயங்குகிறது என்பதற்கு அந்த அரசே தரும் சாட்சி என்று. ஜூன் 19 அன்று செனட் 42க்கு 34 என்ற கணக்கில் பனாமா பக்கம் சாய்ந்தது.

ஒரு தபால்தலை ஒரு நாட்டின் தலையெழுத்தை மாற்றிய கதை. விருந்தில் சொல்ல நன்றாக இருக்கும். இன்ஜினியராக எனக்கு இரண்டு உறுத்தல். ஒன்று, பிரெஞ்சுக் கம்பெனி தன் விலையை 109 மில்லியன் டாலரிலிருந்து 40 மில்லியனாகக் குறைத்திருந்தது. பனாமா வழி நீளமும் குறைவு. செனட்டர்களுக்கு எரிமலையைவிட இந்த எண்கள் பெரிதாகத் தெரிந்திருக்கும். இரண்டு, மொமொடொம்போ கால்வாய் வழியில் இல்லவே இல்லை. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், மனாகுவா ஏரிக்கரையில் நிற்கிறது. எரிமலை பயம் என்றால் ஒமெடெபெயை அல்லவா காட்டியிருக்க வேண்டும்? ஆனால் கையில் கிடைத்தது மொமொடொம்போ. படத்துக்கு அது போதும்.

தோற்றதால் நிகராகுவா இழந்தது என்ன? பனாமாவைப் பாருங்கள். கால்வாயோடு சேர்த்து பத்து மைல் அகல நிலம் அமெரிக்காவின் கைக்குப் போனது. அந்த ஒப்பந்தத்தில் பனாமாவின் சார்பாகக் கையெழுத்துப் போட்டவர் அதே புனோ-வரியா, ஒரு பிரெஞ்சுக்காரர். கால்வாய் முழுசாகப் பனாமாவிடம் வந்தது 1999 டிசம்பர் 31 அன்று. சரி, அப்படியென்றால் நிகராகுவா தப்பித்தது என்று சொல்லலாமா? அதுவும் முடியாது. 1912 முதல் 1933 வரை, நடுவே சில மாதங்கள் தவிர, அங்கே அமெரிக்கப் படை இருந்தது. 1914இல் 3 மில்லியன் டாலருக்குக் கால்வாய் வெட்டும் உரிமையை நிரந்தரமாக அமெரிக்கா வாங்கிக்கொண்டது. வெட்டுவதற்காக அல்ல, வேறு யாரும் வெட்டிவிடக்கூடாது என்பதற்காக. 1970இல்தான் அது ரத்தானது. தேர்ந்தெடுத்தாலும் வலி, ஒதுக்கினாலும் வலி. ஹாப்பின் நிலைமை அதுதான்.

*

கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை.

2013 ஜூனில் நிகராகுவா நாடாளுமன்றம் ஹாங்காங்கில் பதிவான ஒரு சீன நிறுவனத்துக்கு 50 ஆண்டு உரிமை கொடுத்தது. மேலும் 50 ஆண்டு நீட்டிக்கலாம். 278 கிலோமீட்டர் கால்வாய், அதில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஏரிக்குள். இந்த முறை கையெழுத்து நிகராகுவாவுடையதுதான். ஆனால் பாதையில் வீடும் வயலும் இருந்தவர்களைக் கேட்காமல் போட்ட கையெழுத்து. நிலத்துக்குச் சந்தை விலை இல்லை, அரசுப் பதிவேட்டு விலைதான். 2014 டிசம்பரில் பூமி பூஜை மாதிரி ஒன்றும் நடந்தது.

அப்போதுதான் அந்த வரைபடத்துக்குள் இருந்தவர்கள் பேசினார்கள். விவசாயிகள் ஊர் ஊராகப் பேரணி போனார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் பிரான்சிஸ்கா ராமிரெஸ் என்ற விவசாயப் பெண் ஒருவர். அவர்கள் கோரிக்கையில் வர்த்தகமோ தூரமோ இல்லை. நிலம், ஏரி, நாட்டின் உரிமை என்ற மூன்று சொற்கள்தான். 2018இல் நாடு முழுவதும் வெடித்த எதிர்ப்பை அரசு ஒடுக்கியபோது ராமிரெஸ் எல்லை தாண்டி கோஸ்டா ரிகாவுக்குப் போக வேண்டியிருந்தது. சீன முதலாளியின் சொத்து 2015 பங்குச்சந்தைச் சரிவில் கரைந்தது. கால்வாய் தோண்டப்படவில்லை. 2024 மே மாதம் அந்த உரிமையை நாடாளுமன்றமே ரத்து செய்தது. ரத்தான சேதி வந்தபோது, போராடியவர்களில் பலர் ஊரில் இல்லை.

மொமொடொம்போவும் சும்மா இருக்கவில்லை. 1905க்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் அமைதியாக இருந்துவிட்டு, 2015 டிசம்பரில் மறுபடி வெடித்தது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, 1900ஆம் வருஷத் தபால்தலையின் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். புகை பின்னால்தான் இருக்கிறது. முன்னால் ஏரிக்கரையில் ஒரு ரயில் துறை. எங்களிடம் ரயில் இருக்கிறது, துறை இருக்கிறது, எங்கள் சரக்கை நாங்களே ஏற்றுகிறோம் பார் என்று காட்டத்தான் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். 90 பேரும் புகையைப் பார்த்தார்கள். இத்தனை நாள் அந்தக் கதையைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்த நானும் புகையைத்தான் பார்த்திருக்கிறேன்.

நண்பன் இந்த வருஷமும் கேட்கிறான். போனால் அதே நதி, அதே ஏரி, அதே கடற்கரைதான். நாங்களும் பத்து நாளில் கடந்துபோகிறவர்கள்தான், வேறு மாதிரி இருக்க முடியாது. எல் காஸ்டியோவில் ஒருநாள் கூடுதலாகத் தங்கலாம் என்று மட்டும் அவனிடம் சொல்லியிருக்கிறேன். அங்கே என்ன இருக்கு என்று கேட்டான். ஊர் இருக்கு என்றேன்.